மாசி போடாத கடை

பதுளை ரயில் நிலையத்திலிருந்து பஜாருக்கு ஏறும் பாதையில் பதினொரு மாதம் நான் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினேன். மூன்று மேசை, இரண்டு அடுப்பு, வாசலில் பச்சை எழுத்தில் ஒரு பலகை. 'வீகன் தாய் உணவு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தமிழிலும் எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் எழுதாமல் விட்டேன். பக்கத்தில் குடையும் பயணப் பையும் விற்கிற முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா, பலகையை மாட்டிய அன்றே வெளியே வந்து நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"தங்கச்சி, தாய்ன்டா யாருட தாய்?"

"தாய்லாந்து நானா. அந்த நாட்டுச் சாப்பாடு."

"அப்ப வீகன்?"

"இறைச்சி, மீன், முட்ட, பால் ஒண்ணும் சேக்க மாட்டேன். தேன்கூட இல்ல."

அவர் மறுபடி பலகையை ஏறிட்டுப் பார்த்தார். "அதெல்லாம் இல்லாட்டி பொறகு என்னத்தத் திங்கிற?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. எனக்காகக் கவலைப்பட்டுத்தான் கேட்டார்.

நான் பிறந்தது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். இருபத்தெட்டு வயதில் வீட்டு வேலைக்கென்று வளைகுடாவுக்குப் போனேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அங்கேயே ஒரு தாய்லாந்து உணவகத்தில் பாத்திரம் கழுவ எடுத்தார்கள். கழுவிக்கொண்டிருந்தவளைக் காய்கறி வெட்டப் போட்டார்கள், பிறகு அடுப்புக்கு மாற்றினார்கள். அந்த அடுப்படி முழுக்க ஒரு தாய்லாந்துக்காரியின் கையில் இருந்தது. வயதில் மூத்தவளை அவர்கள் வழக்கப்படி 'பீ' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர்கள் மொழியில் அதுதான் அக்கா. முதல் நாள் அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல் குளிரறைக்குள் போய் நின்றேன். அவள் பின்னாலேயே வந்து கதவைத் திறந்து, கரண்டியால் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். எதையும் சொல்லிக்கொடுக்கிற ஆள் இல்லை. பிழை செய்தால் கரண்டி வரும்.

வருஷத்தில் ஒன்பது நாள் அவள் விரதம் இருப்பாள். தனிச் சட்டி, தனிப் பலகை, தனிக் கத்தி. மீன் சோஸ் இருக்கிற பக்கமே போகமாட்டாள். அவளுக்கென்று அவள் சமைத்துச் சாப்பிடுவாள், நான் தள்ளி நின்று பார்ப்பேன்.

என் அம்மா இறந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் முடியும்வரை மச்ச மாமிசம் தொடமாட்டேன் என்று மட்டும் தாய்லாந்துக்காரியிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒரு மாதம், விரதம் இல்லாத நாட்களிலும், அந்தத் தனிச் சட்டியை எடுத்து எனக்குச் சமைத்துக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும் அரத்தையும் ஏதோ ஒரு புளிப்பும். அழுதுகொண்டே சாப்பிட்டேன். முப்பத்தொன்று முடிந்த பிறகும் மீனும் இறைச்சியும் எனக்கு இறங்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

நாற்பத்திரண்டு வயதில் சீனி வருத்தம், சர்க்கரை வியாதி, வந்தது. விசாவைப் புதுப்பிக்கவில்லை, வந்துவிட்டேன்.

கடை போடும் எண்ணம் வந்தது பதுளை ஸ்டேஷனுக்கு முன்னால். வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் பதுளைக்கு முன்னாலேயே எல்ல என்ற ஊரில் இறங்கிவிடுவார்கள். ரயில்பாதை முடிகிற இடம்வரை போய்ப் பார்ப்போம் என்கிறவர்களும், ரயிலில் தூங்கிப்போனவர்களும்தான் பதுளைக்கு வருவார்கள். அப்படி வந்த ஒரு பெண், சோற்றுக்கடை வாசலில் நின்று தேங்காய்ச் சம்பலைக் காட்டி, "ஃபிஷ்? ஃபிஷ்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் நெஞ்சில் கைவைத்து, "நோ ஃபிஷ், நோ ஃபிஷ். ஒன்லி மாசி" என்றார். மாசி என்றால் மாலைத்தீவிலிருந்து வரும் காய்ந்த மீன் என்று நான் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று கிழமையாக இந்த நாட்டில் சம்பல் சாப்பிடுகிறாளாம். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கிண்ணம்தான் ஞாபகம் வந்தது.

என் கூடப்பிறந்த அக்காவிடம் சொன்னேன். என்னைவிட நாலு வயது மூத்தவள், இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறவள். புருஷன் இல்லை. பிள்ளைகள் இரண்டும் கொழும்பில் வேலை. அம்மா இருந்த அதே லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், அவள் தனியாக இருந்தாள், நானும் வந்து சேர்ந்துகொண்டேன்.

"தாய்லாந்துச் சாப்பாட்ட பதுளையில யாருடி திங்கிறது?" என்றாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே லயத்துக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்றாள். எலுமிச்சை வாசனைப் புல்லும், திருநீற்றுப்பச்சையும், குட்டி மிளகாயும் அவள்தான் போட்டாள். அரத்தை மருந்துக்கடையில் கிடைத்தது. சோயாவை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சி, எலுமிச்சம்புளி விட்டுத் திரியவைத்துத் துணியில் கட்டித் தொங்கவிடுவேன். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, அவள் போகும்முன் புல்லை அறுத்து ஈரத்துணியில் சுற்றி என் பைக்குள் வைத்துவிடுவாள். நான் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போவேன்.

சில நாள் நாலைந்து பேர் வந்தார்கள். சில நாள் ஒருவர். அடுப்பை மூட்டாமலே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்த நாட்கள்தான் அதிகம். ஊர்க்காரர்கள் ஒருமுறை வந்தார்கள், இரண்டாம் முறை வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்களாவது வருவார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்குத் தோசையும் வடையும் இருந்தன. அக்காவே நான் வீட்டில் சமைத்துக் கொடுத்ததை இரண்டு வாய் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ இல்ல" என்றாள். பிறகு எழுந்துபோய் ஒரு கருவாட்டுத் துண்டைச் சுட்டு வந்தாள்.

மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். தனியாக, முதுகில் பெரிய பையோடு. வாசலில் நின்று பலகையைப் படித்தார், உள்ளே வந்து என்னைப் பார்த்தார், மறுபடி வெளியே போய்ப் பலகையைப் படித்தார்.

"உண்மையாகவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"உண்மையாகத்தான். மீன் சோஸ் இல்லை. மாசி இல்லை. இரண்டும் கடைக்குள்ளேயே வராது."

அவர் பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் காலை ரயிலில் திரும்பிப்போக வந்தவர், பதுளையில் தங்கிவிட்டார். ஒவ்வொரு நாளும் மத்தியானம் வருவார். சாப்பிட்டு முடித்தும் போகமாட்டார். பாத்திரத்தை நான் கழுவ, அவர் துடைத்து வைப்பார். வடக்கே குளிர் நாட்டில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவராம். ஊரே மீன் காயப்போடும் ஊர். அப்பாவும் அந்த வேலைதான். பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு வந்தபோது, இனி இந்த நாற்றமே வேண்டாம் என்று மீனை விட்டாராம். பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக விட்டாராம்.

"அப்பா?" என்று கேட்டேன்.

"அவர் அதை மன்னிக்கவில்லை. என்னை வெட்கப்பட வைத்தாய் என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. இப்போது அவர் இல்லை."

என் அம்மாவின் சாவுக்கு நான் வராத கதையைச் சொன்னேன். என் ஆங்கிலம் சமையலறை ஆங்கிலம். ஆனாலும் அவருக்கு விளங்கியது.

நாலாவது நாள் எனக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். சீனி பார்த்து மருந்து எடுத்துவர மத்தியானம் தாண்டிவிடும். அந்த அம்மா வருவார் என்று தெரியும். கடையைப் பூட்ட மனம் வரவில்லை. அக்கா அன்றைக்குப் பெரட்டுக்குப் போகாமல் எனக்காகப் பதுளைக்கு வந்தாள். அரைத்த மசாலாவைக் குப்பியில் போட்டு வைத்திருந்தேன். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவைத்து, அதில் மசாலாவைக் கரைத்து, காயையும் சோயாக் கட்டியையும் போட்டு இறக்க வேண்டும். நூறு தடவை பார்த்தவள்தான்.

"நான் பாத்துக்கிறேன், நீ போடி" என்றாள்.

நான் திரும்பி வரும்போது இரண்டு மணி. அந்த அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டார். என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்றைக்குத்தான் எல்லா நாளையும்விட நல்லாயிருக்கிறது. என்னவென்று தெரியவில்லை. எனக்கு எப்போதோ தெரிந்த ஒரு ருசி. வீட்டில் சாப்பிடுவது மாதிரி." அவர் கண் கலங்கியிருந்தது. அக்காவின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார். அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அவர் போன பிறகு சட்டியில் மிஞ்சியதைக் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தேன்.

"அக்கா, இதுல என்னா போட்ட?"

"நல்லாருக்குல்ல?"

"என்னா போட்ட?"

"ரெண்டு கரண்டி மாசித்தூளுடி. வீட்டுலருந்து கொண்டாந்தேன். பாவம் தனியா வந்த மனுசி, ஒவ்வொரு நாளும் வெறும் பாலையும் தழையையும் குடிக்குதேன்னு. பாத்தல்ல, எப்புடி சாப்புட்டுச்சுன்னு?"

எனக்கு என்ன வந்தது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. சட்டியைத் தூக்கி வாசல் வடிகானில் எறிந்தேன். கத்தினேன். நானா கடையிலிருந்து எட்டிப் பார்த்தார், பாதையில் போனவர்கள் நின்றார்கள். நாங்கள் சிறுபிள்ளையாக டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்த காலத்தில் மற்றப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சொன்ன ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லுக்காக அக்கா ஒரு பெண்ணின் தலைமயிரைப் பிடித்து இழுத்து அடிவாங்கியிருக்கிறாள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பை விட்டதற்கும் அதுதான் பாதிக் காரணம். அதைத்தான் நான் சொன்னேன்.

"தோட்டக்காட்டுப் புத்தி! எத்தன வருசமானாலும் ஒனக்கு அது போகாது!"

அக்கா அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள். சேலை முந்தானையில் துடைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். நான் கூப்பிடவில்லை.

சாயங்காலம் அந்த அம்மா தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் விட்டிருந்தால் அவர் சந்தோஷமாகவே ரயில் ஏறியிருப்பார். ஆனால் பலகையில் எழுதிய வாக்கைத் தவிர என் கடைக்கு வேறு ஒன்றும் இல்லை. அவர் விடுதி முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: "காய்ந்த மீனா?"

"ஆமாம்."

"புகையில் காய்ந்ததா?"

"ஆமாம்."

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாந்தி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அழுதார். நாற்பது வருஷத்துக்கு மேல், என்றார். அதற்கு மேல் அந்த வாக்கியம் போகவில்லை. கொஞ்சம் கழித்து, "அது எனக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை" என்றார்.

"என் அக்கா நல்லது நினைத்துத்தான்..."

"தெரிகிறது. அவளைத் திட்டிவிடாதே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு அதுவும் விளங்கியிருக்கும். மறுநாள் காலை ரயிலில் போய்விட்டார். சொல்லிக்கொள்ள வரவில்லை. வந்திருந்தாலும் என்னிடம் என்ன இருந்தது?

அக்கா என்னோடு பேசாமல் இருக்கவில்லை. அதுதான் கஷ்டம். தண்ணீர் வந்ததா, விளக்கை அணைத்தாயா, மருந்து குடித்தாயா, எல்லாம் கேட்டாள். காலையில் புல்லை அறுத்து ஈரத்துணியில் சுற்றினாள். ஆனால் பைக்குள் வைக்கவில்லை, வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கடைக்கு ஒருநாளும் வரவில்லை. நான் சமைத்ததை வாயில் வைக்கவில்லை. "எனக்கு அது வௌங்காதுடி" என்று மட்டும் சொன்னாள், கோபமே இல்லாமல்.

பிறகு மழை வந்தது. அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. மலை பல இடங்களில் வெட்டிவைத்த கேக் மாதிரி வழுக்கி இறங்கியது. ரயில்பாதை மண்ணுக்குள் போனது. எங்கள் லயத்துக்குப் பின்னால், அக்காவின் புல்லும் மிளகாயும் இருந்த இடத்தில், நிலம் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கி நின்றது. காம்பராச் சுவரில் விழுந்த வெடிப்பில் என் கை நுழைந்தது. வந்து பார்த்த அதிகாரிகள் இனி இங்கே இருக்கக்கூடாது என்றார்கள். எங்கே இருப்பது என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் எங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். மூன்று லயத்துச் சனம். அக்காவும் நானும் ஒரே பாயில் படுத்தோம். ஐந்தாறு நாள் கழித்து ஒரு மத்தியானம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, நான் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குச் சொன்ன சொல்லை நான் சொல்லியிருக்கக்கூடாது என்றேன்.

அவள் யாரோ கொடுத்த பழைய கம்பளிச் சட்டையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீ சொன்னது பொய்யா? தோட்டத்துலதானே பொறந்தேன். அங்கதானே ஒழைக்கிறேன். நீயும் அங்கதான் பொறந்த."

"அதுக்கில்லக்கா..."

"சின்னதுல அந்தச் சொல்ல கேட்டப்ப அடிச்சேன். அவளுக யாரோ, நான் யாரோ. நீ சொன்னதுக்கு யாரப் போயி அடிக்கிறது?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "விடுடி. அழுவாத. ஆளுக பாக்குறாங்க."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் இருவருமே எடுக்கவில்லை.

ரயில் பல மாதம் பதுளைவரை வரவில்லை. கடையை விட்டேன். மேசைகளை ஒரு சலூன்காரர் எடுத்துக்கொண்டார். இப்போது அந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள். திரும்ப வெளிநாடு போகலாம் என்று ஏஜென்சிக்குப் போனேன். வயதையும் மருத்துவத் தாளையும் பார்த்துவிட்டு, வேறு யாராவது இளம் பெண்கள் வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். தாய்லாந்துக்காரியின் நம்பருக்கு இரண்டு தடவை எடுத்தேன். அந்த எண் பாவனையில் இல்லை என்று அரபியில் ஒரு குரல் சொன்னது.

அக்கா இப்போது லுணுகலைப் பக்கம் புருஷனின் உறவுக்காரர் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறாள். அங்கிருந்தே பக்கத்துத் தோட்டத்துக்குக் கொழுந்து எடுக்கப் போகிறாள். நான் பதுளையில் ஒரு கேண்டீன் அடுப்படியில் வேலை செய்கிறேன். காலை நாலு மணி நேரம் ரோல்ஸுக்கும் பட்டிஸுக்கும் மீன் அவித்து முள் எடுத்துப் பிசைவது என் வேலை. சாப்பிடுவதில்லை, பிசைவேன். கையில் வாசனை போவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு லுணுகலைக்குப் பஸ் ஏறுகிறேன். அக்கா தேத்தண்ணி ஊற்றித் தருவாள். உறவுக்காரர்கள் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். பஸ் வருகிற நேரத்துக்கு எழுந்துவிடுவேன்.

போன கிழமை வேலையில் இருக்கும்போது குடைக்கடை நானா எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, ரெண்டு வெள்ளக்காரப் புள்ளைகள் வந்தீக்கிறாங்க. போன்ல மேப்பக் காட்டி, ஒங்கட கடை எங்கன்டு கேக்கிறாங்க. மேப்புல இன்னும் ஈக்கிதாம்."

யார் அதில் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போடவில்லை. எடுக்கவும் எனக்குத் தெரியாது.

"மூடிட்டேன்னு சொல்லுங்க நானா."

அவர் அவர்களிடம் தன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ஒரு பெண் குரல் பதில் சொன்னது. களைத்துப்போன குரல்.

"எல்லவிலேந்து இதுக்காகவே பஸ் புடிச்சி வந்தாங்களாம். வேற எங்கயாச்சும் கிடைக்குமான்டு கேக்கிறாங்க."

இரண்டு பெயரையாவது சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். பஜாரில் ஒவ்வொரு கடையாக மனதில் நடந்து பார்த்தேன்.

"எங்கயும் இல்ல நானா" என்றேன். அவர் அதைச் சொல்வது எனக்குக் கேட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பிசைந்ததில் மிளகுத்தூளைக் கொட்டினேன்.